முதல் சொட்டின் தயக்கம்

பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வு நடக்கும் நாட்களில் சென்னை கோபாலபுரத்துப் பள்ளி ஆய்வகம் எதற்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். ப்யூரெட்டில் அடர்ந்த ஊதா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் 20 மில்லிலிட்டர் ஆக்சாலிக் அமிலக் கரைசல், அதோடு கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம். குடுவையைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து ப்யூரெட்டின் திருகைத் திறந்தால் முதல் சொட்டு விழுகிறது. குடுவை முழுக்க இளஞ்சிவப்பு பரவுகிறது; பரவிய நிறம் உடனே மறைவதில்லை. அதற்குள் முடிவுநிலை வந்துவிட்டதா, கரைசலைத் தப்பாகக் கலந்துவிட்டோமா என்று மாணவர் பதறிப்போவார். குலுக்கிக்கொண்டே இருந்தால் நிறம் மெல்ல வடியும். இரண்டாம் சொட்டு அதைவிடச் சீக்கிரம் மறையும். பத்தாவது சொட்டுக்கு வரும்போது விழுந்த இடத்திலேயே நிறம் காணாமல் போய்விடும். “பயப்படாதே, முதல்ல அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த மேசைக்கு நகர்வார். கடைசியில் ப்யூரெட் காட்டும் அளவுக்குத்தான் மதிப்பெண். முதல் சொட்டு ஏன் தயங்கியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

அந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அமிலக் கரைசலில் உலோக அயனிகள் கரிமச் சேர்மங்களை எவ்வளவு வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்று அளப்பது வேதியியலில் ஒரு தனிப் பிரிவு. பெயரைக் கேட்டால் யாரோ ஒருவரின் ஆய்வேட்டுத் தலைப்பு போலத்தான் இருக்கிறது. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பிடிக்க வந்த பழைய ஊதுகருவி, கூவத்தின் அழுக்கைச் சொல்லும் எண், காலில் கிடக்கும் செருப்பின் தோல் ஆகிய மூன்றும் இந்தப் பிரிவுக்குக் கடன்பட்டவை. ஒரு வினை நடக்குமா என்பது ஒரு கேள்வி. எத்தனை நேரத்தில் நடக்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் விடையை வைத்துக்கொண்டு இரண்டாவதை ஊகிக்க முடியாது. நேரம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை மறந்துவிடுவதால், கடிகாரத்தை உள்ளே வைத்திருக்கும் எண்களைக்கூட நாம் வெறும் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதல் சாட்சி அதே ஆய்வகத்தில், அடுத்த மேசையிலேயே இருக்கிறது. அங்கே அதே பெர்மாங்கனேட்டை வைத்து மோர் உப்பைத் தரம் பார்ப்பார்கள். மோர் உப்பில் இருப்பது ஃபெரஸ் இரும்பு. அதைச் சூடாக்க வேண்டியதில்லை. முதல் சொட்டிலிருந்தே நிறம் கணத்தில் மறையும். ஆக்சாலிக் அமிலத்துக்கு மட்டும் அடுப்பு தேவைப்படுகிறது. அப்படியானால் இரும்புதான் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க அதிக ஆவலாக இருக்கிறதா? வேதியியலில் இந்த ஆவலை வோல்ட்டில் அளப்பார்கள். பெர்மாங்கனேட்டின் இழுப்பு அமிலத்தில் 1.51 வோல்ட். ஃபெரஸ் இரும்பின் இடம் 0.77 வோல்ட், இரண்டுக்கும் இடையே உள்ள இறக்கம் 0.74. ஆக்சாலிக் அமிலம் கரியமில வாயுவாக மாறும் இடம் பூஜ்யத்துக்கும் கீழே, −0.49 வோல்ட்; அங்கே இறக்கம் 2.00. அதாவது ஆக்சாலிக் அமிலத்துக்கு முன்னால் இருக்கும் சரிவு இரும்பின் சரிவைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஆனாலும் கீழே போய்ச் சேர்வதில் இரும்புதான் முந்துகிறது.

பூஜையறையில் கற்பூர டப்பா மாதக்கணக்கில் இருக்கிறது. திறக்கும் போதெல்லாம் கற்பூரம் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆற்றல் கணக்குப்படி அது எப்போதோ எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை, தீக்குச்சி வரும்வரை காத்திருக்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நடுவில் ஒரு மேடு இருந்தால் தண்ணீர் தேங்கித்தான் நிற்கும். வேதியியலில் அந்த மேட்டுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சூடாக்கினால் மேட்டைத் தாண்டும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது என்பதை 1889-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். ஃபெரஸ் இரும்பு ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஃபெரிக்காக நின்றுவிடும். அதற்கு உடைக்க ஒன்றுமில்லை. ஆக்சாலிக் அமிலமோ இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, நடுவிலிருக்கும் கார்பன்–கார்பன் பிணைப்பையும் அறுத்துக்கொண்டு பிரிய வேண்டும். அதன் மேடு உயரம்.

அப்படியானால் பத்தாவது சொட்டு மட்டும் ஏன் விரைகிறது? கரைசல் ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. வினை மந்தப்பட வேண்டிய நேரத்தில் வேகம் பிடிக்கிறது. காரணம், வினையில் பிறக்கும் மாங்கனீசு(2) அயனியே அந்த வினைக்கு ஊக்கியாகிவிடுகிறது. அது பெர்மாங்கனேட்டோடு சேர்ந்து மாங்கனீசு(3) என்ற இடைநிலையைத் தருகிறது. அது ஆக்சாலிக் அமிலத்தைத் தன்னோடு பிணைத்து, எளிதாக உடைக்கிறது. முதல் சொட்டின்போது குடுவையில் மாங்கனீசு(2) கிடையாது. பத்தாவது சொட்டின்போது போதிய அளவு சேர்ந்துவிட்டது. இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர். சரிபார்ப்பதும் சுலபம்: தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட்டைக் குடுவையில் போட்டால் முதல் சொட்டின் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். வினைவேகம் என்ற இயலே ஒரு வகையில் இந்தக் குடுவையில்தான் தவழ்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் வெர்னன் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் வில்லியம் எஸன் என்ற கணிதவியலாளரும் பெர்மாங்கனேட்–ஆக்சாலிக் அமில வினையைக் கடிகாரம் வைத்து அளந்து 1866-இல் வெளியிட்டார்கள். எந்தக் கணத்திலும் வேகம் அந்தக் கணத்தில் மிஞ்சியிருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தது என்ற கருத்துக்குக் கணித வடிவம் கிடைத்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. நம் மாணவர்கள் பதறிக்கொண்டே கடந்துபோகும் அதே வினை.

அமிலம் எதற்கு என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாங்கனீசு கீழ்நிலைக்கு இறங்க வேண்டுமானால் அவை கழன்றாக வேண்டும். ஹைட்ரஜன் அயனிகள்தான் அவற்றைத் தண்ணீராக்கிக் கழற்றுகின்றன. அமிலம் குறைந்தால் வினை பாதியில் நின்று, பழுப்பு நிற மாங்கனீசு டையாக்சைடு கலங்கலாக வந்துவிடும். எந்த அமிலமும் ஆகுமா என்றால் ஆகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடைப் பெர்மாங்கனேட்டே குளோரினாக்கிவிடும். ப்யூரெட் கணக்கு கூடிப்போகும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி, கணக்கு குறைந்துபோகும். கந்தக அமிலம் இந்த இரண்டு வம்புக்கும் போகாது. வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு மாணவர்கள் ஒப்பிக்கும் விடையின் உட்பொருள் இதுதான்: ஒரே குடுவையில் பல வினைகளுக்கு வழி திறந்திருக்கும்போது எது முந்துகிறதோ அதைத்தான் நாம் அளக்கிறோம்.

வேகத்தை அளந்தால் நேரம் மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பாதையும் தெரியும். மிக நல்ல எடுத்துக்காட்டு குரோமிக் அமிலம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அசிட்டோனாக்கும் வினை. ஆல்கஹாலை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கிறது. குரோமியம்(6)-ஐ இரட்டித்தாலும் அப்படியே. அமிலத்தைக் கூட்டினால் வேகம் இன்னும் ஏறுகிறது. அப்படியானால் இம்மூன்றும் மேட்டின் உச்சியில் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் உச்சியில் எந்தப் பிணைப்பு அறுகிறது? 1949-இல் சிகாகோவில் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமரும் நிக்கோலைடிஸும் ஆல்கஹாலில் ஒரே ஓர் ஹைட்ரஜனை மாற்றிப் பார்த்தார்கள். ஆக்சிஜனைத் தாங்கும் கார்பன் மேல் இருக்கும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைப் போல இரண்டு மடங்கு கனமான டியூட்டீரியத்தை வைத்தார்கள். வேதியியல் குணத்தில் ஏறக்குறைய ஒன்றேயான அந்த அணுவால் வினையின் வேகம் சுமார் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆக, மெதுவான கட்டத்தில் அறுபடுவது அந்தக் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புதான். முதலில் ஆல்கஹால் குரோமியத்தோடு எஸ்டராகச் சேர்கிறது, பிறகு அந்த ஹைட்ரஜனை இழந்து உடைகிறது என்ற சித்திரம் இப்படித்தான் உருவானது. யாரும் மூலக்கூறைக் கண்ணால் பார்க்கவில்லை; கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வேகத்தை வைத்துப் பாதையை நிரூபிக்க முடியுமா? முடியாது. ஒரே வேக விதிக்கு இரண்டு மூன்று பாதைகள் பொருந்தலாம். நடுச்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட பேருந்து எந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை வைத்து அது எந்தெந்தத் தெரு வழியாக வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாததைப் போலத்தான் இதுவும். ஆனால் எந்தத் தெரு வழியாக வந்திருக்க முடியாது என்று சொல்லலாம். டியூட்டீரியச் சோதனை செய்த வேலை அதுதான்: அந்தப் பிணைப்பு மெதுவான கட்டம் முடிந்த பிறகுதான் அறுபடுகிறது என்ற ஊகங்களை அது மொத்தமாக வெளியேற்றியது. பொய்த்த பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து, மிஞ்சியதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வது. அறிவியலின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. இந்தத் துறை அதை ஒளிக்காமல் செய்கிறது.

ஊதும் மூச்சும் கூவமும்

1954-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் வடிவமைத்த ஊதுகருவிக்குள் இருந்தது இதே வேதியியல். சிறு கண்ணாடிக் குப்பியில் பொட்டாசியம் டைகுரோமேட், கந்தக அமிலம், ஊக்கியாகக் கொஞ்சம் சில்வர் நைட்ரேட். மூச்சிலுள்ள ஆல்கஹால் கரைசலின் மஞ்சள் நிறத்தை வெளுக்கச் செய்யும். எவ்வளவு வெளுத்தது என்று ஒளியால் அளந்து ரத்தத்திலுள்ள ஆல்கஹாலின் அளவைக் கணக்கிடுவார்கள். சுமார் ஒன்றரை நிமிடம் காத்திருந்துதான் அளவு எடுக்க வேண்டும். இந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவரின் மூச்சில் அசிட்டோன் இருக்கலாம். அதுவும் கரிமச் சேர்மம்தான். டைகுரோமேட் அதையும் தாக்கக்கூடியதுதான். ஆனால் அசிட்டோன் ஆக்சிஜனேற்றமடையும் வேகம் ஆல்கஹாலோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. ஒன்றரை நிமிடத்துக்குள் ஆல்கஹால் கணக்குத் தீர்த்துவிடும். அசிட்டோன் அசைந்தே இருக்காது. குற்றவாளியையும் நோயாளியையும் பிரித்தது டைகுரோமேட்டின் வலிமையல்ல, காத்திருக்கும் நேரம். இன்று சாலையில் காவலர் நீட்டும் கருவிகளில் பெரும்பாலும் எரிபொருள் கலம் இருக்கிறது. ஆனால் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற நம் மோட்டார் வாகனச் சட்ட வரம்பை மூச்சின் மூலம் அளக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அஸ்திவாரம் போட்டதில் அந்த மஞ்சள் குப்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

கோபாலபுரத்துக்கு வடக்கே சிறிது தூரத்தில் கூவம். அதன் நீரின் தரத்தைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் எண்களில் ஒன்று சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் நீரிலுள்ள கரிம அழுக்கை ஆக்சிஜனேற்ற எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பது அதன் பொருள். ஆற்றிலோ குளத்திலோ விடப்படும் கழிவுநீரில் இது 250-க்கு மேல் போகக்கூடாது என்பது நாட்டின் பொது விதி. இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? நீரோடு டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து, சுமார் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். மிஞ்சிய டைகுரோமேட்டை மோர் உப்பை வைத்துத் தரம் பார்க்கிறார்கள். கணக்கை முடித்து வைக்க இரும்பை அழைப்பதற்குக் காரணம், அது தயங்காது என்பதுதான். ஆனால் இரண்டு மணி நேரக் கொதிப்பிலும் எல்லா அழுக்கும் கரைந்துவிடுவதில்லை. அசிட்டிக் அமிலம் போன்ற சிறு அமிலங்கள் சில்வர் சல்பேட் ஊக்கி இல்லாவிட்டால் அசையாது. பிரிடின் ஊக்கி இருந்தாலும் அசைவதில்லை. கழிமுகத்தில், நேப்பியர் பாலத்தை ஒட்டிக் கடல்நீர் உள்ளே ஏறும்போது வேறொரு தொல்லை: உப்பிலுள்ள குளோரைடு டைகுரோமேட்டைத் தின்று, இல்லாத அழுக்கை இருப்பதாகக் காட்டும். அதைக் கட்டிப்போடப் பாதரச உப்பான மெர்குரிக் சல்பேட் சேர்க்க வேண்டும். பழைய முறையில் இதே வேலையைப் பெர்மாங்கனேட்டைக் கொண்டு, 27 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்துச் செய்தார்கள். ஒரே நீருக்கு அந்த முறை தரும் எண் வேறு, இந்த முறை தரும் எண் வேறு. இரண்டும் பொய்யில்லை.

“அப்படியானால் இந்த எண்ணை நம்பலாமா? இரண்டு மணி நேரம் என்பதை மூன்றாக்கினால் மாறிவிடும் எண்ணை வைத்து ஓர் ஆலைக்கு அபராதம் போடலாமா?” என்று கேட்கலாம். கேட்பது சரி. ஆனால் விடை, எண்ணைத் தூக்கி எறிவதில் இல்லை. அது எந்தக் கடிகாரத்தில் எடுத்த எண் என்று சேர்த்துப் படிப்பதில் இருக்கிறது. அதன் தம்பியான பி.ஓ.டி.யைப் பாருங்கள். நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்று சொல்லும் அந்த எண்ணைக் குளிர்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து எடுத்தார்கள். நம் நாட்டு வழக்கம் 27 டிகிரியில் மூன்று நாள். வெப்பம் கூடினால் வேகம் கூடும் என்பதால், நாட்களைக் குறைத்துக்கொண்டும் ஏறக்குறைய அதே அளவை எட்டலாம் என்ற கணக்கு அது. ஊரின் வெயிலுக்கு ஏற்ப வினைவேகத்தை ஒட்டிச் செய்த திருத்தம். நேரமும் சூடும் ஊக்கியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை எண்கள் ஒப்பிடத் தகுந்தவை. அந்த மூன்றையும் சொல்லாத எண் வெறும் வதந்தி.

குரோம்பேட்டை, ராணிப்பேட்டை, கிண்டி

தெற்கே போகும் மின்ரயிலில் குரோம்பேட்டை என்ற பெயரைப் படிக்கும் பலருக்கு அதற்குள் ஓர் உலோகம் இருப்பது தோன்றாது. அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரி சென்னையில் குரோம் முறைப் பதனிடலைச் சோதித்துப் பரப்ப முயன்றார். அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையைக் குரோமியம்(3) உப்பு விரைவாகச் செய்தது. அந்த உப்பைத் தயாரிக்கும் பழைய வழி இந்தக் கட்டுரையின் பொருளுக்குள் அப்படியே அடங்கும்: டைகுரோமேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதில் சர்க்கரை ஆலையின் மொலாசஸை ஊற்றுவார்கள். சர்க்கரை ஆக்சிஜனேற்றம் அடையும். ஆரஞ்சு நிறக் குரோமியம்(6) பச்சை நிறக் குரோமியம்(3) ஆகும். பாகை ஒரேயடியாக ஊற்றினால் வினையின் சூடே வினையை விரட்டி, கலவை நுரைத்துப் பொங்கிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். முழுதும் எரியாமல் நிற்கும் சர்க்கரையின் மிச்சங்கள் சிறு அமிலங்களாகிக் குரோமியத்தைத் தழுவிக்கொள்ளும். அதனால் குரோமியம் தோலின் மேற்பரப்பிலேயே படியாமல் உள்ளே வரை ஊடுருவும். பதனிடும் கூடத்தில் ஊற்றும் வேகத்துக்கு இருந்த மரியாதையில் வினைவேக இயல் இருந்தது; அதற்கு அந்தப் பெயர் மட்டும்தான் இல்லை.

இதே வேதியியலின் இருண்ட பக்கம் ராணிப்பேட்டையில் கிடக்கிறது. 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து குரோமியம்(6) நிலத்தடி நீரில் கசிந்துவருகிறது. குரோமியம்(6) புற்றுநோய் தரவல்லது. குரோமியம்(3) ஒப்பீட்டளவில் சாதுவானது. மண்ணில்தான் இலைச்சருகும் மட்கும் ஏராளமாக இருக்கின்றனவே, அவற்றை ஆக்சிஜனேற்றி இந்த நஞ்சு தானாகவே சாதுவாகிவிடாதா? ஆற்றல் கணக்கு ஆகும் என்கிறது. கடிகாரம் இப்போதைக்கு ஆகாது என்கிறது. குடுவையில் நிமிடங்களில் நடந்ததற்கு அமிலம் துணை நின்றது. அந்தக் கழிவோ காரத்தன்மை உடையது. அங்கே அதே வினை தவழ்கிறது. வலிமையையும் வேகத்தையும் குழப்பிக்கொண்டால் வரும் ஆபத்து எப்படிப்பட்டது என்பதற்கு ராணிப்பேட்டையின் கிணறுகளைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஃபெரஸ் சல்பேட் போட்டு அந்தக் குரோமியத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை வருவதும் இங்கிருந்துதான்: மறுபடியும் தயங்காத இரும்பு.

அடையாறு பக்கம் வந்தால், சர்தார் படேல் சாலையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அதற்கு அருகிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியலை வளர்த்த பேராசிரியர் எம். சாந்தப்பா, பின்னாளில் அந்தத் தோல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். அவர் குழு கையாண்டது சீரியம்(4), கோபால்ட்(3), மாங்கனீசு(3), வனேடியம்(5) போன்ற அயனிகளை. சீரியம்(4) ஒரு நேரத்தில் ஒரே எலக்ட்ரானைத்தான் பறிக்கும். ஆகவே அது தாக்கிய ஆல்கஹால் மூலக்கூறு இணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு தனியுறுப்பாக அலையும். அந்தக் கரைசலில் அக்ரிலோநைட்ரைல் போன்ற ஒன்றைச் சேர்த்தால் அந்தத் தனியுறுப்பு அதைப் பற்றிக்கொண்டு சங்கிலிகோத்துப் பாலிமராக்கும். தெளிந்த கரைசல் வெள்ளையாகக் கலங்கும். வினைவழியைத் தேடுபவருக்கு அந்தக் கலங்கல் ஒரு தடயம்: இங்கே எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத்தான் போகின்றன. பொருள் செய்பவருக்கோ அதுவே விளைபொருள். தோலின் கொலாஜன் புரதத்தின் மேல் சீரியம் அயனியைக் கொண்டு பாலிமர் இழைகளை ஒட்டுப்போடும் ஆய்வுகள் தோல் நிறுவனத்தில் நடந்தது இந்த அறிவின் தொடர்ச்சிதான். அந்தச் சீரியம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இருப்பது என்பதையும் சேர்த்து நினைத்தால், இது வெளிநாட்டிலிருந்து இறக்கிய வேதியியல் என்ற எண்ணம் தளரும்.

இந்த இடத்தில் இத்துறையை அறிந்தவர்கள் கேலியாகச் சிரிப்பதும் உண்டு. சென்னை, அண்ணாமலை, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பல பத்தாண்டுகளாக எம்.ஃபில்., பிஎச்.டி. பட்டங்களுக்குக் கைகொடுத்த துறை இது. ஓர் ஆக்சிஜனேற்றியை எடு, ஆல்கஹாலைப் பத்து மடங்கு போடு, நான்கு வெப்பநிலைகளில் நேரம் பார், பென்சீன் வளையத்தில் ஒரு குளோரினை மாற்றி மறுபடியும் செய், கோடு நேராக வந்தால் ஆய்வேடு தயார். அச்சு வார்த்தது போல வந்த ஏடுகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் துறையின் குற்றமாகச் சொல்வதில் ஒரு நியாயம் தவறிப்போகிறது. வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி, பிப்பெட், ஸ்டார்ச் கரைசல், ஸ்டாப்வாட்ச் இவ்வளவே முதலீடு. கோடிகளில் கருவி வாங்க வழியில்லாத கல்லூரியில், உலகில் எங்கும் ஏற்கப்படும் ஓர் எண்ணைச் சுத்தமாக எடுக்கும் பயிற்சியை இது கொடுத்தது. பழுது வேறிடத்தில் இருக்கிறது: எண் கிடைத்தவுடன் நிறுத்திக்கொண்டதில். கோடு ஏன் ஓரிடத்தில் வளைந்தது என்று கேட்காமல், வளைந்த புள்ளியை ஒதுக்கிவிட்டதில்.

வளைந்த புள்ளியை ஒதுக்காத ஒருவரின் கதையும் இதே குடுவையிலிருந்து வந்ததுதான். மாஸ்கோவில் போரிஸ் பெலவுசோவ் 1951-இல் சிட்ரிக் அமிலத்தை, அதாவது எலுமிச்சையின் புளிப்பை, புரோமேட்டோடும் சீரியம் அயனியோடும் கந்தக அமிலத்தில் கலந்தார். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மறுபடியும் மஞ்சளானது. கடிகாரம் போல மாறிமாறி வந்தது. வினை ஒரு திசையில்தான் போகும், முன்னும் பின்னும் ஆடாது என்று சொல்லி ஆய்விதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1959-இல் ஒரு சிறு குறிப்பாக மட்டும் அது அச்சேறியது. 1961 முதல் அனடோலி ஜபோடின்ஸ்கி அதை மீண்டும் எடுத்து நிறுவினார். 1972-இல் ஃபீல்டும் கோரோஷும் நோயஸும் ஒவ்வொரு படியின் வேகத்தையும் அடுக்கி, அந்த ஊசலாட்டத்துக்கு விளக்கம் தந்தார்கள். அதன் மையத்தில் இருந்தது ஒரு தன்வினையூக்கம். பள்ளி ஆய்வகத்தின் முதல் சொட்டில் தயங்கி, பத்தாவதில் பாய்ந்த அதே குணம். பெலவுசோவ் 1970-இல் இறந்தார். அவருக்கு லெனின் பரிசு 1980-இல் கொடுத்தார்கள்.

கடைசி ஆட்சேபம் காலத்தின் ஆட்சேபம். குரோமியம் நஞ்சு, பாதரசம் நஞ்சு. இவற்றை வைத்து அழுக்கை அளப்பதே ஓர் அழுக்கு வேலை இல்லையா, இந்த அறிவு பழங்கணக்கு இல்லையா? மாற்றாக முன்வைக்கப்படுவது 1894-இல் ஹென்றி ஃபென்டன் வெளியிட்ட முறை. அவர் எடுத்துக்கொண்டது டார்டாரிக் அமிலம். நம் புளியின் புளிப்பு. மலிவான ஃபெரஸ் இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலத்தில் சேர்ந்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கும்; சாயக் கழிவையும் தோல் கழிவையும் அது கிட்டத்தட்டத் தொட்டவுடன் தாக்கும். ஆனால் அந்த வேட்டை முடிந்த பிறகு நீரில் எஞ்சி அடம்பிடிப்பவற்றுள் ஒன்று எது தெரியுமா? ஆக்சாலிக் அமிலம். சூடான பெர்மாங்கனேட்டில் சொட்டுச் சொட்டாகக் கரைந்த அதே பொருள், இங்கே ஃபெரிக் இரும்போடு அணைந்துகொண்டு ஹைட்ராக்சிலுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயிலில் வைத்தால் உடையும், ஏனென்றால் ஒளி அந்த அணைப்பைப் பிரிக்கிறது. எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் பொருள், அடையாத பொருள் என்று பட்டியல் போட முடியாது; எந்த அயனியோடு, எந்தப் பாதையில், எவ்வளவு நேரத்தில் என்று கேட்டால்தான் விடை வரும். நஞ்சில்லாத முறையைத் தேடுபவருக்கு இந்தக் கேள்வி குறையவில்லை, கூடியிருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது சிறிய மாற்றம்தான். கோபாலபுரத்திலோ குளித்தலையிலோ, பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ப்யூரெட்டின் கடைசி அளவோடு இன்னும் ஐந்து எண்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம்: முதல் ஐந்து சொட்டுகள் ஒவ்வொன்றும் மறைய எத்தனை நொடி ஆயிற்று என்று. அடுத்த குடுவையில் ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட்டைப் போட்டு மறுபடியும் எழுதச் சொல்லலாம். புதுக் கருவி வேண்டாம். சுவரில் தொங்கும் கடிகாரம் போதும். அந்த ஐந்து எண்களும் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்த மாணவர், பின்னாளில் கூவத்தின் சி.ஓ.டி. என்று ஓர் எண்ணைச் செய்தியில் படித்தால், எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்று கேட்பார்.